ஷாண்டோர் வேக்: குவார்டெட்டிலிருந்து ஆர்கெஸ்ட்ராவுக்கு

மொசார்ட்டின் பியானோ கான்செர்ட்டோக்களை (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) ஆந்த்ராஷ் ஷிஃப் வாசித்து டெக்கா நிறுவனம் வெளியிட்ட குறுந்தகடுகளின் உறையில்தான் நம்மில் பலர் ஷாண்டோர் வேக் என்ற பெயரை முதன்முதலில் படித்திருப்போம். நானும் அந்த வழியாகத்தான் அவரிடம் வந்து சேர்ந்தேன். 1980களின் நடுவில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை சால்ஸ்பர்கில் பதிவான அந்த வரிசையில், டி மைனரில் அமைந்த கே. 466 (கே. என்பது மொசார்ட் படைப்புகளின் பட்டியல் எண்) கான்செர்ட்டோவின் ஆரம்பத்தைக் கேட்டால் நான் சொல்ல வருவது புரியும். பியானோ நுழைவதற்கு முன்னால் இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆர்கெஸ்ட்ரா தனியாக வாசிக்கிறது. வயலின்களும் வியோலாக்களும் தாளத்தின் அடி விழும் இடத்தைத் தவிர்த்துத் தவிர்த்து ஒரே சுரத்தில் நின்று துடிக்க, கீழே செலோக்களும் டபுள் பாஸ்களும் மூன்று சுரங்களை விரைவாக உருட்டி மேலே ஏறி நிற்கின்றன. பல பதிவுகளில் இந்த இடம் பொதுவான ஒரு படபடப்பாக மட்டுமே காதில் விழும். துடிப்பும் உருட்டலும் ஒன்றோடொன்று கலந்து கறுப்பாகிவிடும். வேக் நடத்திய கமெராட்டா ஆர்கெஸ்ட்ராவிலோ கீழே ஏறிவரும் அந்த மூன்று சுரங்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அழுத்தத்தோடு வருகின்றன. முதல் தடவை வந்தது போல இரண்டாம் தடவை வருவதில்லை. பியானோ எப்போது வரும் என்று காத்திருக்கும் நினைப்பே எழுவதில்லை.

இப்படி வாசிக்க வைத்தவர் ஆர்கெஸ்ட்ராவை நடத்துவதையே தொழிலாகக் கொண்டு வளர்ந்தவர் அல்லர். நான்கு தந்தி வாத்தியக்காரர்கள் மட்டும் கொண்ட குழுவான குவார்டெட்டில், ஐரோப்பாவின் முதன்மையான ஒன்றை 40 ஆண்டுகள் முதல் வயலினில் அமர்ந்து வழிநடத்திய ஹங்கேரியர் அவர். 1968 முதல் சில ஆண்டுகள் தன் பெயரிலேயே ஒரு சிறு ஆர்கெஸ்ட்ராவையும், பிறகு அமெரிக்காவின் மார்ல்பரோ விழாவில் அங்கு கூடும் ஆர்கெஸ்ட்ராவையும் அவர் நடத்தியது உண்டு. ஆனால் நாம் இன்று கேட்கும் நடத்துநர் வேக், 1978இல் சால்ஸ்பர்கின் கமெராட்டா அகாதெமிகாவைத் தன் 66ஆம் வயதில் ஏற்றுக்கொண்டு, 1997 ஜனவரியில் இறக்கும்வரை அதை விடாமல் வைத்திருந்தவர்தான். அவருடைய பதிவுகளை முன்னும் பின்னுமாகக் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. வயலின் கலைஞராக அவருடைய காது கேட்டதையெல்லாம் அவருடைய கை எப்போதும் கொடுத்துவிடவில்லை. கமெராட்டாவின் இளம் கைகள் அதைக் கொடுத்தன. அதனால் வேக் என்ற வயலின் கலைஞரை முழுமையாகக் கேட்க விரும்புபவர், அவர் வயலினைத் தொடாத பதிவுகளுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அவர் பிறந்தது 1912 மே மாதத்தில், அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்த கோலோஷ்வாரில். இன்று ருமேனியாவில் க்ளூஜ்-நபோகா என்ற பெயரோடு இருக்கும் ஊர் அது. 1924இல் புடாபெஸ்ட்டில் யெனோ ஹுபாயிடம் வயலினும் ஸொல்தான் கோதாயிடம் இசையமைப்பும் பயிலச் சேர்ந்தார். ஹுபாயின் மாணவர் பட்டியல் நீளமானது. யோசெஃப் சிகெட்டி, யூஜின் ஓர்மாண்டி, ஸொல்தான் சேகேய் என்று அதில் இருப்பவர்களைக் கொண்டே 20ஆம் நூற்றாண்டு வயலின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் எழுதலாம். ஹுபாய் பெர்லினில் 19ஆம் நூற்றாண்டின் பெரும் வயலின் கலைஞர் யோவாகிமிடம் கற்றவர். இந்த உறவுமுறை வெறும் பெருமைக்காகச் சொல்லப்படுவது அன்று. பிறகு பாக்கின் இசைக்கு வரும்போது இது உதவும்.

1930களின் நடுவில் ஹங்கேரிய குவார்டெட் உருவானபோது அதன் முதல் வயலினில் உட்கார்ந்தவர் வேக்தான். பிறகு அந்த இடத்தைச் சேகேயிடம் விட்டுக்கொடுத்து இரண்டாம் வயலினுக்கு நகர்ந்தார். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்தோக் நால்வர் குழுவுக்காக எழுதிய ஐந்தாம் குவார்டெட்டை அந்தக் குழு இசையமைப்பாளரோடு சேர்ந்தே பயின்றது. 1940இல் வெளியே வந்து தன் பெயரில் குவார்டெட் தொடங்கினார். இரண்டாம் வயலினில் ஷாண்டோர் ஸோல்டி, வியோலாவில் ஜார்ஜ் யான்சர், செலோவில் பால் சபோ. 1946இல் குழு ஹங்கேரியை விட்டு வெளியேறியது. அதே ஆண்டு ஜெனீவாப் போட்டியில் முதல் பரிசு பெற்றது. அதன்பின் 1978 வரை நால்வரில் ஒருவரும் மாறவில்லை என்பது குவார்டெட் உலகில் அபூர்வமான செய்தி. யான்சரை வேறொருவர் பெயரோடு சேர்த்துப் பலர் அறிந்திருப்பார்கள்: ஆர்தர் குரூமியோவின் மூவர் குழுவான ட்ரையோவில் வியோலா வாசித்தவரும் அவரே. மெழுகிப் பூசியது போன்ற குரூமியோவின் வயலின் தொனிக்குப் பக்கத்திலும், சொரசொரப்பான வேக்கின் தொனிக்குப் பக்கத்திலும் ஒரே மனிதர் இயல்பாக உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்புதான்.

வேக் குவார்டெட் பீத்தோவனின் குவார்டெட்களை இரண்டு முறை முழுமையாகப் பதிவு செய்தது. முதலாவது 1952இல், மோனோவில். இரண்டாவது 1972 முதல் 1974 வரை, ஸ்டீரியோவில், வலுவா என்ற பிரெஞ்சு இசைத்தட்டு முத்திரைக்காக. இரண்டையும் வைத்திருப்பவர்களிடையே எது மேல் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. முந்தையதில் நால்வரும் நாற்பது வயதை ஒட்டியவர்கள். விரல்கள் சொன்னபடி கேட்கின்றன. சுருதி பெரும்பாலும் நேராக நிற்கிறது. வேகமான பகுதிகளில் ஒரு மிடுக்கு இருக்கிறது. பிந்தையதில் வேக்குக்கு 60 தாண்டிவிட்டது. மேல் ஸ்தாயியில் சுருதி விலகும் இடங்களை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அவையே முன்னால் வந்து நிற்கின்றன. ஓபஸ் 59இன் (ஓபஸ் என்பது படைப்பு வெளியான வரிசை எண்) மூன்றாம் குவார்டெட்டின் கடைசிப் பகுதி போன்ற ஓட்டங்களில் இன்றைய இசைக்கல்லூரி மாணவர் குழுக்கள்கூட இதைவிடச் சுத்தமாக வாசித்துவிடும்.

அப்படியிருந்தும் நான் எடுத்துப் போடுவது இரண்டாவதைத்தான். காரணம் கேட்டால் ஓபஸ் 130இல் கவடீனா என்ற மெதுவான பகுதியைக் காட்டுவேன். அந்தப் பகுதியின் நடுவில், மற்ற மூன்று வாத்தியங்களும் தாழ்ந்த குரலில் மூன்று மூன்றாகச் சுரங்களைத் தட்டிக்கொண்டிருக்க, முதல் வயலின் தாளத்தோடு ஒட்டாமல், வாக்கியத்தை முடிக்க முடியாதவரைப் போலத் துண்டு துண்டாகப் பேசுகிறது. பீத்தோவன் அங்கே, நெஞ்சு அடைத்தாற்போல என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல்லைக் குறித்து வைத்திருக்கிறார். இந்த இடத்தை அழகாக வாசிப்பது எளிது. அழகாக வாசித்துவிட்டால் அந்தக் குறிப்புக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்பதுதான் சிக்கல். வேக் இங்கே தொனியின் சதைப்பற்றை முழுவதும் விட்டுவிடுகிறார். வில் தந்தியை அரைகுறையாகவே பிடிக்கிறது. சில சுரங்கள் தொடங்கும்போது ஒலியைவிட உரசல்தான் அதிகம். ஒரு சுரத்திற்கும் அடுத்த சுரத்திற்கும் இடையில் கீழே தட்டிக்கொண்டிருக்கும் மூவரும் அவருக்காக நின்று காத்திருப்பதில்லை. அவர் பிந்துகிறார், அவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். முதல் வயலின் தனியாகிவிட்டது என்பது அந்தச் சில விநாடிகளில் விளக்கம் இல்லாமலே தெரிந்துவிடுகிறது. 1952 பதிவில் இதே இடம் இன்னும் ஒழுங்காக இருக்கிறது. இவ்வளவு துணிச்சலாக இல்லை.

சுருதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேக்கைப் பற்றிய குறைகளில் பெரும்பாலானவை அதில்தான் வந்து நிற்கின்றன. அவருடைய வாழ்க்கையில் செலோ கலைஞர் பாப்லோ கசால்ஸுடன் ஏற்பட்ட தொடர்பு மிகப் பெரியது. சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டில் கசால்ஸ் நடத்திய கோடைக்கால வகுப்புகளில் வேக்கும் கற்பித்தார், பிரான்ஸின் பிராத் விழாவில் அவரோடு சேர்ந்து வாசித்தார். கசால்ஸ் சுருதியைப் பியானோவின் அசையாத இடைவெளிகளைக் கொண்டு அளக்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தவர். ஷட்ஜத்தை நோக்கி ஏறும் நிஷாதம் அந்த ஷட்ஜத்தின் பக்கம் சாய்ந்து உயர வேண்டும், கீழே இறங்க இருக்கும் சுரம் இறங்கும் திசைக்குத் தணிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய பாடம். சுரத்திற்கு எங்கே போகிறோம் என்ற நினைப்பு இருக்க வேண்டும், அந்த நினைப்பு அதன் உயரத்திலேயே கேட்க வேண்டும். வேக்கின் வயலினில் சுருதி விலகியதாகத் தோன்றும் இடங்களில் ஒரு பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. இப்படிச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிடலாம் என்று நினைக்கும் ரசிகர்களும் இருக்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1970களின் பதிவில் வெறும் தவறுகளும் இருக்கின்றன, விரல் எட்டாத இடத்தைத் தத்துவத்தால் எட்டிவிட முடியாது.

கசால்ஸுடன் அவர் இருக்கும் பதிவுகளில் இரண்டு எனக்கு முக்கியமானவை. ஒன்று, 1958இல் பான் நகரின் பீத்தோவன் இல்லத்தில் ஹொர்ஷோவ்ஸ்கி பியானோவில் இருக்க நேரடியாகப் பதிவான பீத்தோவனின் ஆர்ச்டியூக் ட்ரையோ. கசால்ஸுக்கு அப்போது 81 வயது. அவருடைய முனகலும் மூச்சும் தெளிவாகக் கேட்கின்றன. மூவரில் இளையவரான வேக் எங்கும் முன்னால் வந்து நிற்க முயலாமல், செலோ ஒரு வாக்கியத்தை எந்த எடையோடு முடித்ததோ அதே எடையிலிருந்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்குகிறார். மற்றொன்று, 1961இல் பிராத் விழாவில் வேக் குவார்டெட்டோடு கசால்ஸ் சேர்ந்து வாசித்த ஷூபர்ட்டின் சி மேஜர் குவின்டெட். அதன் மெதுவான பகுதியில் இராகத்தை நடுவிலிருக்கும் மூன்று வாத்தியங்கள் மிக நீளமாக இழுத்துக்கொண்டு போக, முதல் வயலின் அவ்வப்போது சிறு சிறு சொற்களாக மேலிருந்து எதையோ சொல்லிவிட்டு நிறுத்துகிறது. முதல் வயலின் பாடாமல் இருக்க வேண்டிய இடம் அது. எத்தனையோ பெரிய வயலின் கலைஞர்கள் அங்கே பாடிவிடுகிறார்கள். வேக் பேசுகிறார்.

பார்தோக்கின் ஆறு குவார்டெட்களையும் இக்குழு இரு முறை பதிவு செய்தது, 1954இலும் 1972இலும். பார்தோக்கை நேரில் அறிந்தவர்கள் என்ற காரணத்துக்காகவே இவற்றை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தத் தகுதி சேகேயின் ஹங்கேரிய குவார்டெட்டுக்கும் உண்டு. பார்தோக் தன் இரண்டாம் வயலின் கான்செர்ட்டோவை எழுதியதே சேகேய்க்காகத்தான். இரண்டு குழுக்களும் ஒன்றையொன்று ஒத்து வாசிப்பதில்லை என்பதே இந்த நேரடித் தொடர்பு வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டிவிடுகிறது. சேகேயின் குழு கோடுகளைக் கூர்மையாக வரைகிறது. வேக்கின் 1972 பதிவில் கோடுகள் தடிமனாக இருக்கின்றன, ஆனால் பேச்சு வழக்கின் இழுப்பும் நிறுத்தமும் கூடவே வருகின்றன.

நான்காம் குவார்டெட்டின் நடுப்பகுதியைக் கேட்டால் இது விளங்கும். மூன்று வாத்தியங்கள் ஓர் அடர்ந்த ஒலித்தொகுப்பை முதலில் விப்ராட்டோ (விரலை அசைத்துச் சுரத்துக்குத் தரும் நடுக்கம்) இல்லாமலும் பிறகு விப்ராட்டோவோடும் பிடித்து நிற்க வேண்டும் என்று பார்தோக் எழுதியிருக்கிறார். அதன் கீழே செலோ தனியாக, ஹங்கேரிய நாட்டுப்புறப் பாட்டுக்காரர் கணக்குப் பார்க்காமல் சொற்களை நீட்டியும் குறுக்கியும் பாடுவதைப் போலப் போகிறது. சபோவின் செலோ இங்கே எந்தத் தாளக்கட்டுக்கும் அடங்குவதில்லை. நீண்ட சுரத்தில் சாய்ந்துவிட்டு அடுத்து வரும் குறு சுரங்களை ஒரே மூச்சில் உதறிவிடுகிறது. ஐந்தாம் குவார்டெட்டின் கடைசிப் பகுதியில் வேண்டுமென்றே அசட்டுத்தனமாக எழுதப்பட்ட ஓர் இடம் இருக்கிறது: தெருவில் சுழற்றும் இசைப்பெட்டியில் வருவது போன்ற ஓர் எளிய மெட்டு திடீரென்று தலைகாட்டி, கொஞ்ச நேரத்தில் சுருதி கலைந்தாற்போல இரண்டு சுருதிகளில் மோதிக்கொள்கிறது. பார்தோக் அங்கே அலட்சியமாக வாசிக்கும்படி குறித்திருக்கிறார். பல குழுக்கள் இந்த நகைச்சுவையைக் கண்ணடித்துக் காட்டிவிடுகின்றன. வேக் குழுவின் முகத்தில் சிரிப்பே இல்லை, அதனால்தான் சிரிப்பு வருகிறது.

பாக்கின் தனி வயலின் சொனாட்டாக்களையும் பார்ட்டீட்டாக்களையும் வேக் 1970களின் தொடக்கத்தில் பதிவு செய்தார். இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒலி நெருக்கமாகப் பிடிக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு உராய்வும் பெரிதாகிவிடுகிறது, முழுத் தொகுப்பையும் ஒரே மூச்சில் கேட்பது கடினம். ஆனால் ஜி மைனர் சொனாட்டாவின் முதல் பகுதியான, மெதுவாகச் செல்லும் அடாஜியோவை மட்டும் எடுத்து, 1903இல் யோவாகிம் தன் 72ஆம் வயதில் பெர்லினில் பதிவு செய்த அதே அடாஜியோவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒரு குடும்ப ஒற்றுமை தெரியும். யோவாகிமும் ஹங்கேரிய மண்ணில் பிறந்து, வயலின், குவார்டெட், ஆர்கெஸ்ட்ரா நடத்துதல் என மூன்றிலும் வாழ்ந்தவர். அவர் விட்டுச்சென்ற பதிவுகள் ஐந்தே சிறு துண்டுகள். அந்தப் பழைய தட்டின் இரைச்சலுக்குப் பின்னால் கேட்கும் அடாஜியோவில், அலங்காரச் சுரங்கள் எழுதப்பட்ட காலத்தை அப்படியே பின்பற்றாமல் தத்தம் எடைக்கு ஏற்ப நீண்டும் சுருங்கியும் விழுகின்றன. விப்ராட்டோ மிகச் சிக்கனமாக, சில சுரங்களுக்கு மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. வேக்கின் தொனி அதைவிடக் கனமானது, விப்ராட்டோவும் கூடுதல். இருந்தும் அலங்காரம் விழும் விதம் அதே பள்ளியைச் சேர்ந்தது. இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகளில் இந்தப் பழக்கம் படிப்படியாக மறைந்துவிட்டது, வேக்கிடம் அது கடைசி வரை இருந்தது.

இத்தனையையும் கடந்து வந்தால்தான் கமெராட்டாவின் மொசார்ட் புரியும் என்று சொல்ல மாட்டேன். நேராக அங்கேயே போகலாம். ஆனால் இவற்றையெல்லாம் கேட்ட காதோடு போனால் அங்கே கேட்பது வேறாக இருக்கும்.

கமெராட்டா அகாதெமிகா 1952இல் பெர்ன்ஹார்ட் பாவும்கார்ட்னர் மொசார்டியம் இசைக்கல்லூரியின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்த்துத் தொடங்கிய குழு. வேக் 1971 முதல் அந்தக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அவர் பொறுப்பேற்ற பிறகு அது குவார்டெட் ஒத்திகை நடத்துவதைப் போல ஒத்திகை நடத்தும் ஆர்கெஸ்ட்ராவாக மாறியது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் பிரஷியா கோவ் என்ற இடத்தில் 1972 முதல் அவர் நடத்திவந்த இசைக் கருத்தரங்கிலும் இதே பாடம்தான் நடந்தது: இளம் கலைஞர்கள் மூத்தவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து, சிறு குழுக்களுக்கான சேம்பர் இசை வாசிப்பது. செலோ கலைஞர் ஸ்டீவன் இஸ்ஸர்லிஸ் இன்று அதைத் தொடர்ந்து வழிநடத்துகிறார்.

1980களின் பிற்பகுதியில் காப்ரிச்சியோ என்ற ஜெர்மானிய முத்திரைக்காக அவர்கள் மொசார்ட்டின் செரனேட்களையும் திவெர்த்திமெந்தோக்களையும் பத்துக் குறுந்தகடுகளில் பதிவு செய்தார்கள். இவை பெரும்பாலும் சால்ஸ்பர்கின் விழாக்களுக்காகவும் பெயர் நாள் கொண்டாட்டங்களுக்காகவும் எழுதப்பட்டவை. உணவுக்குப் பக்கத்தில், தோட்டத்தில், தெருவில் வாசிக்கப்பட்டவை. பல்கலைக்கழக மாணவர்கள் கல்வியாண்டின் இறுதியில் இசைக்குழுவை அழைத்துக்கொண்டு, அணிவகுப்பு இசையோடு முதலில் பேராயரின் மிராபெல் மாளிகைக்கும் பிறகு தங்கள் பேராசிரியர்களிடமும் போவார்கள் என்பது அந்த ஊர் வழக்கம். இப்படிப் பிறந்த இசை என்பதால் இதைப் பின்னணி இசையாக வாசித்துவிடுவது நடத்துநர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. வேக்குக்கு இது பின்னணி இசை அன்று. பீத்தோவனின் கடைசி குவார்டெட்களுக்குச் செலவழித்த அதே கவனத்தை இதற்கும் செலவழிக்கிறார். ஆனால் கவனம் இருக்கிறது என்பதற்காக இசையின் முகம் இறுகிப்போவதில்லை.

லோட்ரோன் சீமாட்டிக்காக 1777இல் எழுதப்பட்ட பி பிளாட் மேஜர் திவெர்த்திமெந்தோ கே. 287ஐ எடுத்துக்கொள்ளலாம். தந்தி வாத்தியங்களுக்கும் இரண்டு ஹார்ன்களுக்குமான படைப்பு. ஆளுக்கு ஒரு வாத்தியமாகச் சிறு குழு வாசிப்பதே வழக்கம், ஏனென்றால் முதல் வயலினின் பகுதி கிட்டத்தட்ட ஒரு கான்செர்ட்டோ அளவுக்குக் கடினமானது. வேக் அதை முழு வயலின் வரிசைக்கும் கொடுத்துவிடுகிறார். ஒருவர் வாசிக்கவே திணறும் ஓட்டங்களைப் பலர் சேர்ந்து வாசிக்க வேண்டும். அதுவும் ஒரே ஆள் தன் மனத்துக்குள் யோசித்து வாசிப்பதைப் போன்ற நெளிவுகளோடு. அவர்கள் செய்து காட்டுகிறார்கள். மெதுவான பகுதியில் வயலின்கள் ஒரு சுரத்தைத் தொட்டு, தயங்கி, அதன் வாலை மெலிதாக்கி விடும்போது, அத்தனை வில்களும் ஒரே இடத்தில் தயங்குகின்றன. கைத்தடியால் காட்டி இதைப் பெற முடியாது. ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலிக்காரரின் வில்லைக் கேட்டு வாசித்தால்தான் வரும்.

இந்தப் படைப்பின் கடைசிப் பகுதி இன்னும் சுவையானது. அது தொடங்குவதற்கு முன்னால் முதல் வயலின், ஓபராவில் நாயகி பெரிய துயரத்தில் இருக்கும்போது வருவது போன்ற ஒரு வசனப் பாட்டைத் தொடங்குகிறது: உயரத்திலிருந்து விழும் பெருமூச்சுகள், நாடகத்தனமான இடைவெளிகள். சரி, ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்கார்ந்தால், வருவது குடியானவப் பெண்ணின் பூனை காணாமல் போனதைப் பற்றிய ஊர்ப்பாட்டின் மெட்டு. அதை வைத்துக்கொண்டு மொசார்ட் நெடுநேரம் விளையாடிவிட்டு, முடிவுக்கு வரும் தறுவாயில் மறுபடியும் அந்தத் துயர வசனத்தைக் கொண்டுவருகிறார். வேக் அந்த வசனப் பகுதியை முழு நம்பிக்கையோடு, கேலியின் சாயலே இல்லாமல் வாசிக்க வைக்கிறார். நிறுத்தங்கள் நீளமானவை, கீழ் வாத்தியங்களின் பதில்கள் உண்மையிலேயே பதறுகின்றன. பூனைப் பாட்டு வந்ததும் வில் முழுவதையும் விட்டுவிட்டு நுனியால் மட்டும் தொட்டு வாசிக்கிறார்கள். இந்த இரண்டு வில் பிடிப்புகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் முழு நகைச்சுவையும் இருக்கிறது. ஐந்தாம் குவார்டெட்டின் இசைப்பெட்டி மெட்டைச் சிரிக்காமல் வாசித்தவர்தான் இங்கேயும் நிற்கிறார்.

ஹாஃப்னர் செரனேட், கே. 250, ஒரு மணி நேரம் ஓடுவது. 1776 ஜூலையில் ஹாஃப்னர் குடும்பத்துத் திருமணத்துக்காக எழுதப்பட்டது. அதனுள் மூன்று பகுதிகள் கொண்ட ஒரு வயலின் கான்செர்ட்டோவே ஒளிந்திருக்கிறது. இந்தப் பதிவில் அந்த மூன்று பகுதிகளைவிட, அவற்றைச் சுற்றியுள்ள மினுயெட் நடனப் பகுதிகளே என்னை அதிகம் ஈர்த்தன. மினுயெட்டின் மூன்று அடிகளில் எது கனமானது என்று வேக் ஒரு முறை தீர்மானித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவதில்லை. சில வாக்கியங்களில் இரண்டாவது அடி சற்றே நீண்டு மூன்றாவதை நெருக்குகிறது, நடனக்காரர் காலைத் தூக்கியபடி ஒரு கணம் யோசிப்பதைப் போல. வேகமான பகுதிகளில் அவர் இன்றைய பழங்கால வாத்தியக் குழுக்களைவிட நிதானமானவர். அவற்றின் காற்றோட்டமான ஒலிக்குப் பழகியவர்களுக்கு இந்தத் தந்தி ஒலி முதலில் கனமாகத் தோன்றலாம். போஸ்ட்ஹார்ன் செரனேட்டின் முதல் பகுதி எனக்கே சற்றுத் தடித்ததாகப் படுகிறது. அதில் காற்று வாத்தியங்கள் முன்னால் வரும் நடுப்பகுதிகள் மட்டும்தான் முழு நிறைவைத் தருகின்றன. பொதுவாகவே காற்று வாத்தியங்களைவிடத் தந்திகளிடம்தான் அவர் அதிகம் கேட்டு வாங்குகிறார். குவார்டெட்காரரிடம் அதைத் தவிர வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

பதினாறு வயதில் மொசார்ட் எழுதிய கே. 136 முதல் 138 வரையிலான மூன்று சிறு படைப்புகளும் இந்தத் தொகுப்பில் உண்டு. சேம்பர் ஆர்கெஸ்ட்ராக்கள் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் கை சூடேறுவதற்காக வாசிப்பவை என்ற அளவுக்கு இவை தேய்ந்துவிட்டன. கே. 136இன் முதல் பகுதியில் மேலே வயலின்கள் மின்னிக்கொண்டிருக்க, கீழே ஒரே சுரத்தை எட்டு எட்டாகத் தட்டிக்கொண்டிருக்கும் வாத்தியங்களைக் கவனியுங்கள். அந்தத் தட்டலுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் இருக்கிறது. இசைவு மாறப்போகும் இடத்துக்கு ஓர் அடி முன்னதாகவே அழுத்தம் கூடத் தொடங்கிவிடுகிறது. இரண்டாம் வயலினில் சில ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அந்த வரிசைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது தெரியும்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை: காப்ரிச்சியோ தொகுப்பு முழுமையாகக் கிடைத்தால் தயங்க வேண்டாம். தனித் தட்டாக ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கே. 287 இருப்பதைப் பாருங்கள், அதற்கு அடுத்தபடியாக கே. 334. குவார்டெட் பதிவுகளில் பீத்தோவனின் கடைசி ஐந்தை 1970களின் வலுவா பதிவிலும், ஓபஸ் 18இன் ஆறையும் 1952 பதிவிலும் வைத்துக்கொள்வது என் ஏற்பாடு. ஓபஸ் 59இன் மூன்றுக்கு மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு வேறு குழுக்களிடம் போய்விடுகிறேன். பார்தோக்கில் 1972. பாக் தொகுப்பைக் கடைசியாக வாங்கினால் போதும்.